வேதாளரின் மோதிரம்

"இந்த வயசுல முகமூடிக்காரன் படம் பாத்தது போதாதுன்னு அதப்பத்தி எழுதவும் போறியளாக்கும்?" என்று வீட்டில் கேட்டாயிற்று. ஆமாம், எழுதத்தான் போகிறேன். பேரனுக்கு ஒரு பதில் பாக்கி இருக்கிறது.

விடுமுறைக்கு வந்திருந்தான். கருங்கலில் இரண்டு நாளாக மழை விடவில்லை. வெளியே எங்கும் போக வழியில்லாமல் போனை நோண்டிக்கொண்டிருந்தவன், "பாட்டா, நீங்க சின்ன வயசுல படிச்ச ஃபேண்டம் கதை சினிமாவா வந்திருக்கு, தெரியுமா?" என்றான். எனக்குத் தெரியாது. 1996-லேயே வந்துவிட்டதாம். அந்த வருஷம் நான் தேர்தல் வேலையில் மூழ்கிக் கிடந்தேன். ஹாலிவுட்டில் என்ன நடக்கிறது என்று யார் பார்த்தார்கள்? சைமன் வின்சர் இயக்கம், பில்லி ஸேன் கதாநாயகன். அவித்த மரச்சீனியும் கட்டஞ்சாயாவும் வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தோம். பாதியில் கரண்டு போனது இடைவேளைக்கு வசதியாக அமைந்தது.

முடிந்ததும், "எப்படி பாட்டா?" என்றான்.

"நல்லாத்தான் இருக்கு மக்களே. ஆனா இது அவரு இல்ல."

"உடுப்பு, முகமூடி, குதிரை, ஓநாய் எல்லாம் அப்படியேதானே இருக்கு. பின்ன யாரு?"

அன்று ராத்திரி எனக்குப் பதில் வரவில்லை. அவன் ஊருக்குத் திரும்பிய பிறகு யோசித்து யோசித்து எழுதுகிறேன்.

முதலில், அவரைத் தெரியாதவர்களுக்கு. நம்மூரில் அவருக்குப் பல பெயர்கள். இந்திரஜால் காமிக்ஸ் படித்த என் வயதுக்காரர்கள் வேதாளர் என்பார்கள். 1984-இல் ராணி காமிக்ஸ் தொடங்கி, பின்னால் அதிலும் அவர் வந்தபோது மாயாவி ஆகிவிட்டார். இந்தப் பெயரோடு எனக்கு உடன்பாடு இல்லை. முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவி மின்சாரம் பாய்ந்தால் நிஜமாகவே மறைந்துபோவார், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். அவரை மாயாவி என்றால் பொருத்தம். நம்ம ஆளுக்கு மறையத் தெரியாது, பறக்கத் தெரியாது; குண்டு பட்டால் ரத்தம் வரும். வங்காளத்தில் அரண்யதேவ் என்று வைத்தார்கள், அது இன்னும் அழகு.

நான் அவரை முதலில் சந்தித்தது பிரெஞ்சில். பழைய வாசகர்களுக்கு என் கதை தெரியும். அப்பாவுக்கு இங்கே தாலுகா அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. புதுச்சேரியில் வசதியாக இருந்த மாமாவுக்குப் பிள்ளை இல்லை. ஆறு வயதில் என்னை அங்கே கொண்டுபோய் பிரெஞ்சு வழிப் பள்ளியில் போட்டார். மாமா வீட்டுப் பரணில் கறுப்பு வெள்ளைச் சித்திரப் புத்தகங்கள் ஒரு கட்டு இருந்தன. 'லெ ஃபாந்தோம் து பெங்கால்' என்பது அவருடைய பிரெஞ்சுப் பெயர். வங்காளத்துப் பேய் என்று அர்த்தம். உடை என்ன நிறம் என்றே தெரியாமல் மூன்று வருஷம் படித்தேன். மனதுக்குள் ஒரு சாம்பல் நிறம் கொடுத்திருந்தேன். வெகுநாள் கழித்துத் தெரிந்தது, உருவாக்கிய லீ ஃபாக்கின் மனதிலும் இருந்தது சாம்பல்தானாம். ஞாயிற்றுக்கிழமைப் பதிப்பு வண்ணத்தில் வந்தபோது ஊதா ஆகிவிட்டது. இத்தாலியில் சிவப்பு, சுவீடனில் நீலம். ஊதாவைப் பார்த்ததும் எனக்கு ரப்பர் ஸ்டாம்பு மை ஞாபகம் வருகிறது. தொழில் புத்தி.

1936 பிப்ரவரி 17-இல் அமெரிக்கப் பத்திரிகைகளில் அவர் கதை தொடங்கியது. எழுத்து லீ ஃபாக், படம் ரே மூர். சூப்பர்மேன் வந்தது அதற்கு இரண்டு வருஷம் கழித்து, 1938-இல். உடம்போடு ஒட்டிய உடுப்பு போட்ட இத்தனை வீரர்களுக்கும் இவர்தான் மூத்தவர் என்று சொல்ல நியாயம் இருக்கிறது. அதைவிடப் பெரிய வித்தியாசம், இவரிடம் எந்தச் சக்தியும் கிடையாது. இவரிடம் இருப்பது ஒரு பொய். நானூறு வருஷமாகக் கட்டிக் காப்பாற்றிய ஒரே பொய்.

1536-இல் கடற்கொள்ளையர் தாக்கிய கப்பலில் இருந்து ஒருவன் மட்டும் உயிர் தப்பிக் கரை ஒதுங்குகிறான். தகப்பனைக் கொன்றவனின் மண்டையோட்டின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்கிறான்: நானும் என் மக்களும் அவர்கள் மக்களும் கொள்ளையையும் கொடுமையையும் எதிர்ப்போம் என்று. அவன் செத்ததும் மகன் அதே உடையைப் போட்டுக்கொள்கிறான். பிறகு அவன் மகன். நாம் படிப்பது இருபத்தோராவது ஆளின் கதை. வெளியுலகத்துக்கு இது தெரியாது. போன தலைமுறையில் கத்தி பாய்ந்து விழுந்தவர் அடுத்த மாதம் குதிரையில் வந்து நிற்கிறார், ஆகவே அவர் சாகாதவர் என்று காடே நம்புகிறது. அந்த நம்பிக்கைதான் ஆயுதம். துப்பாக்கி இரண்டாம் பட்சம்.

வலது கை மோதிரத்தில் மண்டையோடு. அந்தக் கையால் தாடையில் ஒன்று வாங்கினவனுக்குச் சாகும்வரை அடையாளம் போகாது. இடது கை மோதிரத்தில் இன்னொரு முத்திரை, 'இவர் என் காவலில் இருக்கிறார்' என்பது அதற்குப் பொருள். அந்தக் குறி இருக்கும் வாசலில் கொள்ளைக்காரன் கால் வைக்க மாட்டான். முப்பத்தைந்து வருஷம் சர்க்கார் ஆபீசில் குப்பை கொட்டினவனுக்கு இதைவிட எளிதாகப் புரியக்கூடிய கதை உண்டா? ஒரு கடுதாசிக்கு மதிப்பு கொடுப்பது அதன்மேல் விழுந்த முத்திரை. முத்திரைக்குள் ஒன்றும் கிடையாது, வெறும் ரப்பர். அதற்குப் பின்னால் ஒரு சர்க்கார் இருக்கிறது என்று எல்லோரும் நம்புவதால்தான் அது செல்லுகிறது.

இனி படத்துக்கு வருகிறேன். 1938-இல் நடக்கிற கதை. தங்கம், வெள்ளி, பச்சைக்கல் என்று மூன்று மண்டையோடுகள். மூன்றும் சேர்ந்தால் உலகையே அழிக்கும் கதிர் புறப்படும். நியூயார்க் பணக்காரன் டிராக்ஸ் அவற்றைத் தேடி அலைகிறான். வேதாளர் தடுக்கிறார். கடைசிச் சண்டையில் ஒரு ரகசியம் வெளிவருகிறது: நாலாவது மண்டையோடு ஒன்று உண்டு, அதுதான் மற்ற மூன்றையும் அடக்கும், அது அவர் விரலில் இருக்கும் மோதிரம். மோதிரத்தில் இருந்து கதிர் பாய்கிறது, டிராக்ஸ் ஒழிந்தான்.

எனக்குப் படம் இறங்காமல் நின்ற இடம் இதுதான் என்று இப்போது தெரிகிறது. முத்திரையை மந்திரமாக்கிவிட்டார்கள். மோதிரத்துக்கே சக்தி இருக்குமானால், அதைப் போட்டுக்கொள்ளும் யாரும் வேதாளர் ஆகிவிடலாமே? பிறகு சத்தியம் எதற்கு, இருபத்தொரு தலைமுறை எதற்கு? காமிக்ஸில் மோதிரம் கனப்பது அதற்குள் ஒன்றும் இல்லாததால். இதைப் புரிந்துகொள்ளாதவர்கள் உடையை எவ்வளவு சரியாகத் தைத்தால் என்ன?

உடையை நன்றாகத்தான் தைத்திருந்தார்கள். ரப்பரில் செய்த தசைகளை ஒட்டிக்கொள்ளாமல், அந்த நடிகர் மாதக்கணக்கில் உடற்பயிற்சி செய்து சொந்த உடம்பையே தயார் பண்ணினாராம். அடிக்கிற நேரத்திலும் முகத்தில் ஒரு சிரிப்பு, மரியாதையான பேச்சு. ஆள் பிடித்திருந்தது. காடும் கடலும் தாய்லாந்தில் எடுத்தவை. மலையடிவாரத்தில் வாழ்கிற நமக்கு அந்தப் பச்சை அந்நியமாகத் தெரியாது. முதலில் ஜோ டான்டே என்பவர் இயக்குவதாக இருந்து, பாதி கிண்டலாக எழுதிய திரைக்கதையாம். வின்சர் அதை நேராகவே எடுத்துவிட்டார். அங்கங்கே பேச்சு ஒரு பக்கமும் காட்சி ஒரு பக்கமும் இழுப்பதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம். நாலரைக் கோடி டாலர் செலவழித்து, அமெரிக்காவில் ஒன்றேமுக்கால் கோடி அளவுக்குத்தான் வசூல். பாவம்.

இன்னொரு குறை. படத்தில் செத்துப்போன அப்பா அடிக்கடி வந்து மகனோடு பேசுகிறார், மகன் கண்ணுக்கு மட்டும் தெரிவார். பேட்ரிக் மெக்கூஹன் நல்ல நடிகர். கல்யாணம் பண்ணிக்கொள்ளச் சொல்லி மகனை நச்சரிப்பதெல்லாம் ரசிக்கும்படி இருக்கிறது. பேரன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காமிக்ஸில் செத்தவர்கள் வந்து பேசுவது கிடையாது. மண்டையோட்டுக் குகையில் வரிசையாகக் கல்லறைகள். பக்கத்தில் இன்னொரு அறையில் தடித் தடியாகக் குறிப்பேடுகள். ஒவ்வொரு வேதாளரும் தன் காலத்தில் நடந்ததைத் தன் கையால் எழுதி வைக்கவேண்டும் என்பது அங்கே முறை. இருபத்தோராவது ஆளுக்குச் சந்தேகம் வந்தால் ஏட்டைப் புரட்டுவார். பாதிக் கதைகள் அப்படித்தான் ஆரம்பிக்கும்: ஆறாவது வேதாளர் எழுதியது, பதின்மூன்றாவது வேதாளர் எழுதியது. தகப்பனிடம் கேட்க முடியாது, எழுதியதைத்தான் படிக்கலாம். படத்தில் ஏடுகளுக்குப் பெரிய வேலை இல்லை. செத்தவர் வந்து பேசுவார் என்றால் ஏடு எதற்கு?

இதில் நான் இவ்வளவு கறாராக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. சொல்லிவிடுகிறேன்.

1973-இல் அப்பா சர்வீசில் இருக்கும்போதே இறந்துபோனார். தந்தி கிடைத்து நான் புதுச்சேரியிலிருந்து வந்துசேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. ஆறு வயதில் பிரிந்தவன். வருஷத்துக்கு ஒரு தடவை விடுமுறையில் பார்த்ததோடு சரி. அவரிடம் மனம்விட்டு ஒரு மணிநேரம் பேசியதாக எனக்கு நினைவில்லை. கருணை அடிப்படையில் எனக்கு வேலை கொடுக்கலாம் என்றார்கள். என் பிரெஞ்சுச் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்த ஒரு அதிகாரி, "இது என்ன கல்யாணப் பத்திரிகையா?" என்று கேட்டார். அதற்கு இணைச் சான்று வாங்குவதற்கே எட்டு மாதம். ஒருவழியாக அப்பா இருந்த அதே அலுவலகத்தில், கொஞ்ச நாளில் அவர் பார்த்த அதே இருக்கையில், அதே கை உடைந்த நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள். எனக்குத் தமிழில் ஆபீஸ் பாஷை தெரியாது. 'பார்வையில் கண்ட' என்றால் யார் பார்வையில் என்று கேட்டவன் நான்.

கற்றுக்கொடுத்தது அப்பாதான். பழைய கோப்புகளைப் பிரித்தால் குறிப்புத் தாளில் அவருடைய சாய்ந்த கையெழுத்து. எந்த மனுவுக்கு என்ன எழுதினார், எங்கே அதிகாரிக்குப் பணிவாக ஞாபகப்படுத்தினார், எங்கே ஒரு ஏழைக்காக இரண்டு வரி கூட்டி எழுதினார் என்று வரி வரியாகப் படித்தேன். ஒரு பக்கத்தில் அவர் எழுத்து நிற்கும். அடுத்த குறிப்பு என் எழுத்து. நடுவில் பத்துப் பன்னிரண்டு மாதத் தேதி இடைவெளி, அவ்வளவுதான்.

அந்த நாட்களில் ஒரு பெரியவர் வந்தார். கண்ணில் புரை விழுந்தவர். பட்டா மாறுதல் விஷயம், பழைய ஆட்கள் போக்குவரவு என்பார்கள். மேசை முன்னால் வந்து நின்று என் முகத்தை உற்றுப் பார்த்து, "சாரே, ரொம்ப எளைச்சிட்டியளே, ஒடம்புக்கு என்னவாக்கும்?" என்றார். அப்பாவின் ஜாடை எனக்கு உண்டு. நான் அவர் இல்லை, அவர் இறந்துவிட்டார் என்று சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் அவர், "நீரு பாத்துக்கிடுவேன்னு சொன்னதால நான் வேற எங்கயும் போவல்ல" என்றார். வாயை மூடிக்கொண்டேன். பிறகு கோப்பைத் தேடி எடுத்தேன்.

படத்தில் எனக்கு உண்மையிலேயே பிடித்த இடம் ஒன்று உண்டு. டிராக்ஸின் அடியாள் குவில், வேதாளரை நேரில் கண்டதும் திகைத்துப்போகிறான். உன்னை நான்தான் ஏற்கெனவே கொன்றுவிட்டேனே என்கிற திகைப்பு. அவன் கொன்றது இவருடைய அப்பாவை. காமிக்ஸின் உயிர் முழுவதும் அந்த ஒரு முகத்தில் வந்துவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டே மொத்தப் படத்தையும் எடுத்திருக்கலாம். மூன்று மண்டையோடும் வேண்டாம், கதிரும் வேண்டாம். பேரன் அந்த இடத்தில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் எழுந்து உட்கார்ந்தேன்.

காமிக்ஸில் இன்னொரு ஏற்பாடு உண்டு, குமாஸ்தாக்கள் அவசியம் ரசிக்கவேண்டியது. காட்டு ரோந்துப் படை என்று ஒன்று இருக்கிறது. அதன் தலைமைத் தளபதி யார் என்று அதன் கர்னலுக்கே தெரியாது. அலுவலகத்தில் ஓர் இரும்புப் பெட்டி. அதன்மேல் விளக்கு எரிந்தால் உள்ளே ஆணை வந்திருக்கிறது என்று அர்த்தம். பதிலை எழுதிப் பெட்டியில் வைத்தால் போய்விடும். பாழுங்கிணற்றிலிருந்து ஒரு சுரங்கம், அது வழியாக வேதாளர் வந்து எடுத்துப்போவார். ஆளைப் பார்க்காமலே தலைமுறை தலைமுறையாக ஒரு படை கீழ்ப்படிகிறது! சென்னையில் உட்கார்ந்திருக்கும் எந்தச் செயலாளரை நாங்கள் கண்ணால் கண்டோம்? இப்படிப்பட்ட பெட்டியைப் படம் விட்டுவிட்டது எனக்கு நஷ்டமாகத் தோன்றுகிறது.

இந்தக் கதையில் எல்லாம் சரி என்று நான் சாதிக்க வரவில்லை. காட்டுக்குள் ஒரு வெள்ளைக்காரன் உட்கார்ந்து, கறுத்த ஜனங்களைப் பயத்தாலும் நம்பிக்கையாலும் கட்டி ஆளுகிறான் என்றால் அதற்கு என்ன பெயர் என்று நமக்குத் தெரியும். பிரெஞ்சுக் கொடி இறங்கின ஊரில் பிரெஞ்சு படித்தவன் நான். புதுச்சேரி இந்தியா கைக்கு வந்தது 1954 நவம்பர் 1; நம்ம கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1. என் இரண்டு ஊருக்கும் ஒரே தேதி. லீ ஃபாக்குக்கும் அந்த உறுத்தல் இருந்திருக்கவேண்டும். ஆரம்பத்தில் நம்ம பக்கத்துச் சீமையாக இருந்த பெங்கல்லா, போகப் போக ஆப்பிரிக்காவுக்கு நகர்ந்தது. சுதந்திரம் அடைந்தது. லுவாகா என்கிற கறுப்பர் குடியரசுத் தலைவரானார், வேதாளருக்கு நண்பரும் ஆனார். இந்திரஜால்காரர்கள் இன்னும் உஷார்: பெங்கல்லாவை டெங்காலி ஆக்கினார்கள், கொள்ளையர் கூட்டத்தின் சிங் என்ற பெயரைச் சிங்கா என்று மாற்றினார்கள். நாட்டில் எத்தனை சிங்குகள், யார் வம்பை விலைக்கு வாங்குவது? 1996-இல் படம் எடுத்தவர்கள் இந்தத் தொந்தரவு ஒன்றும் இல்லாமல் 1938-க்கே ஓடிப்போய்விட்டார்கள். காமிக்ஸ் அறுபது வருஷம் தட்டுத் தடுமாறி நடந்த தூரத்தைப் படம் ஒரே எட்டில் பின்னால் வைத்தது. இதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

லீ ஃபாக் 1999 மார்ச்சில் காலமானார். கிட்டத்தட்ட அறுபத்து மூன்று வருஷம் அவரே எழுதினார். இப்போது வேறு ஆட்கள் எழுதுகிறார்கள், வேறு ஆட்கள் வரைகிறார்கள். வேதாளர் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறார்.

எழுதினதை எல்லாம் நேற்று பேரனுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். சினிமாவைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. "அந்தப் பெரியவரிட்ட கடைசி வரைக்கும் சொல்லவே இல்லியா பாட்டா?" என்று கேட்டான்.

சொல்லவில்லை. அவருடைய பட்டா மாறி வர மூன்று மாதம் ஆனது. உத்தரவு நகலை வாங்கிக்கொண்டு போனவர், மறுவாரம் ஒரு குலை மட்டிப்பழத்தோடு வந்தார். வாங்கக் கூடாது என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை, மேசைக்குக் கீழே வைத்துவிட்டார். போகும்போது திரும்பி, "பண்டு நீரு குடுத்த வாக்கு, மறக்கல்ல பாத்தீரா" என்றார். நான் எழுந்து நின்று தலையாட்டினேன்.